அடுத்து யார் பேசுவது?

ஆறு பேர் ஆறு ஊர்களிலிருந்து கணினித் திரையில் கூடியிருக்கிறார்கள். கூட்டத்தை நடத்துபவர் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். இரண்டு நொடி மௌனம். பிறகு இரண்டு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கிறார்கள், இருவரும் சட்டென்று நிறுத்துகிறார்கள். "நீங்க சொல்லுங்க சார்." "இல்லல்ல, நீங்களே சொல்லுங்க மேடம்." மறுபடி மௌனம், மறுபடியும் இருவரும் சேர்ந்தே ஆரம்பிக்கிறார்கள். சொல்வதற்கு ஏதோ வைத்திருந்த மூன்றாமவர் இதற்குள் மைக்கை அணைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார். இலக்கியக் கூட்டம், பள்ளியின் பெற்றோர் கூட்டம், அலுவலக ஆலோசனை, நான்கு நாடுகளில் சிதறியிருக்கும் குடும்பத்தின் கல்யாணப் பேச்சு என்று 2020-க்குப் பிறகு எதையாவது ஜூமில் நடத்தியவர்களுக்கெல்லாம் இந்தக் காட்சி பழக்கம். இணைய வேகம் போதவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். வேகம் கூடினாலும் இந்தத் தடுமாற்றம் முழுதாகத் தீராது. ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசும்போது, பேசும் முறையை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாற்றுவதில் வாய்க்கு மட்டும் பங்கில்லை. கண், தலை, தோள், மூச்சு எல்லாம் சேர்ந்து அதைச் செய்கின்றன. திரை இவற்றில் பெரும்பாலானவற்றை வெட்டிவிடுகிறது. கண்ணை மறைக்கும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அவதார் என்ற கணினி உருவங்களாகக் கூடிப் பேசும் சமூக மெய்நிகர் தளங்கள் இழந்ததைத் திருப்பித் தர முடியுமா? முடியும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவற்றைக் கட்டியவர்கள் அறையைக் கட்டுவதில் காட்டிய அக்கறையில் பாதியைக்கூடப் பேச்சுக்குக் காட்டவில்லை. சறுக்கல் அங்கேதான்.

பேச்சு எவ்வளவு நுட்பமான கூட்டுவேலை என்பதை முதலில் தெளிவாக எழுதிக் காட்டியவர்கள் ஹார்வி சாக்ஸ், இம்மானுவேல் ஷெக்லாஃப், கெய்ல் ஜெஃபர்சன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள். அன்றாட உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை வரி வரியாக ஆராய்ந்து 1974-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, யாரும் சொல்லித்தராமலேயே நாம் எல்லோரும் கடைப்பிடிக்கும் விதிகளை வெளியே கொண்டுவந்தது. பெரும்பாலான நேரம் ஒருவர்தான் பேசுகிறார். பேச்சு ஒன்றோடொன்று மோதினாலும் நொடியில் விலகிக்கொள்கிறது. பேசுபவர் அடுத்தவரைச் சுட்டுகிறார், இல்லையென்றால் யாரோ ஒருவர் தானே எடுத்துக்கொள்கிறார். 2009-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு உலகின் பல மூலைகளைச் சேர்ந்த பத்து மொழிகளை எடுத்துக்கொண்டு, ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்கு எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று அளந்தது. சராசரி இடைவெளி சுமார் 200 மில்லிநொடி, அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரம் என்று நாம் சொல்வது ஏறக்குறைய இதுதான். ஆனால் ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால் மூளை அந்த ஒரு சொல்லைத் தயார்செய்யவே 600 மில்லிநொடி ஆகிறது. கணக்கைக் கூட்டிப் பார்த்தால், எதிராளி பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். அவர் எப்போது முடிப்பார் என்று முன்கூட்டியே ஊகிக்கிறோம். அந்தப் பத்து மொழிகளில் தமிழ் இல்லை. என்றாலும் தமிழைப் போலவே வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கும் ஜப்பானிய மொழி இருந்தது; கடைசிச் சொல் வரும்வரை காத்திருக்க வேண்டியவர்கள் என்று நாம் எண்ணக்கூடிய ஜப்பானியர்களிடம்தான் இடைவெளி எல்லாரையும்விடக் குறைவாக இருந்தது. சொற்களைத் தாண்டி எத்தனையோ குறிப்புகளை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம் என்பதை இதைவிட எப்படிக் காட்டுவது?

அந்தக் குறிப்புகளில் முக்கியமானது பார்வை. ஆடம் கெண்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இருவர் பேசுவதைப் படம்பிடித்து ஆராய்ந்து 1967-ல் எழுதினார்: நீண்ட பேச்சைத் தொடங்குபவர் பெரும்பாலும் பார்வையை விலக்கிக்கொள்கிறார், முடிக்கப்போகும் நேரத்தில் எதிரில் இருப்பவரைப் பார்க்கிறார். "என் பேச்சு முடிகிறது, இனி நீங்கள்" என்ற செய்தி அந்தப் பார்வையில் போகிறது. நாலைந்து பேர் இருக்கும் வட்டத்தில் இந்தப் பார்வைக்கு மதிப்பு இன்னும் கூடும், ஏனென்றால் யாரைப் பார்த்து முடிக்கிறார் என்பதை மற்றவர்களும் பார்க்கிறார்கள். தங்களுக்கு முறை வரவில்லை என்பதை அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். காணொளிக் கூட்டத்தில் கேமரா திரைக்கு மேலே, முகங்கள் திரைக்குள்ளே. முகத்தைப் பார்த்துப் பேசுபவர் மற்றவர்களுக்குக் கீழே பார்ப்பவராகத் தெரிகிறார். அதைவிடப் பெரிய சிக்கல், ஒருவர் திரையில் வலது மூலையில் இருப்பவர் இன்னொருவர் திரையில் கீழ் வரிசையில் இருக்கிறார். எல்லோருக்கும் பொதுவான ஒரே வட்டம் அங்கே கிடையாது. வட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் பக்கம் திரும்புவது என்ற செயலுக்கே பொருள் இல்லை.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் எழுதிய கட்டுரையில், காணொளிக் கூட்டம் ஏன் இப்படி அயர்ச்சி தருகிறது என்பதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். எல்லா முகங்களும் எந்நேரமும் அருகில் நின்று நம்மையே வெறிப்பது போன்ற தோற்றம். குறிப்புகளை வலிந்து அனுப்பவும் படிக்கவும் வேண்டியிருப்பதன் மூளைச்சுமை. நாள் முழுவதும் நம் முகத்தையே கண்ணாடியில் பார்ப்பது போன்ற நிலை. கேமராவின் சட்டத்துக்குள் அசையாமல் உட்கார்ந்திருப்பது. இந்த நான்கோடு தாமதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவழிக் குரல் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலான பேச்சுக்குப் போதும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. போக 150, வர 150 என்றால் 300 மில்லிநொடி. இயல்பான பேச்சின் இடைவெளியே 200 தான். தரமான இணைப்பிலும் பேச்சின் தாளம் தப்பிவிடுவது இதனால்தான்.

சமூக மெய்நிகர் தளத்தில் என்ன நடக்கிறது என்பதை இப்போது அருகில் போய்ப் பார்க்கலாம். ஹெட்செட் தலையின் அசைவையும், இரண்டு கைகளில் பிடித்திருக்கும் கருவிகள் கைகளின் அசைவையும் நொடிக்குப் பல பத்து முறை அளக்கின்றன. அந்த அளவுகள் இணையம் வழியே போய் மற்றவர்களின் ஹெட்செட்டில் உங்கள் அவதாரை அசைக்கின்றன. நீங்கள் இடப்பக்கம் திரும்பினால் அறையில் இருக்கும் ஐந்து பேருக்கும் நீங்கள் யார் பக்கம் திரும்பினீர்கள் என்று தெரியும், ஏனென்றால் எல்லோரும் ஒரே வட்டத்தில் ஒரே இடங்களில் இருக்கிறார்கள். குரலும் திசையோடு வருகிறது. இடப்பக்கத்து ஓசை வலக்காதைவிட இடக்காதுக்கு மில்லிநொடியில் ஒரு பகுதி முன்னதாக வந்து சேரும்; அந்த நுண்ணிய வித்தியாசத்தை மென்பொருள் செயற்கையாக உண்டாக்குகிறது, மூளை அதை வைத்துத் திசையைக் கண்டுபிடித்துவிடுகிறது. பலர் பேசும் இரைச்சலில் ஒரு குரலை மட்டும் பிரித்தெடுத்துக் கேட்கும் நம் திறமையை 1953-ல் காலின் செர்ரி ஆராய்ந்தார். அந்தத் திறமைக்குத் திசை பெரிய துணை. ஜூமில் எல்லாக் குரலும் ஒரே ஸ்பீக்கரிலிருந்து வருவதால் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் இரண்டுமே புரிவதில்லை. இங்கே ஒருவர் பேச, பக்கத்திலிருப்பவர் "ம்ம்" கொட்டலாம், மெதுவாகச் சிரிக்கலாம், பேச்சு கெடாது. தாமதம் இங்கேயும் இருக்கிறது, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் பேசப்போகிறவர் வாய் திறப்பதற்கு முன்பே நிமிர்வதும், கையைத் தூக்குவதும், திரும்புவதும் தெரிந்துவிடுவதால் மற்றவர்கள் முன்னதாகவே வழிவிட்டுவிடுகிறார்கள்.

அவதாருக்கு முகபாவம் ஏது, பொம்மை முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு ஹாரிசன் ஸ்மித், மைக்கேல் நெஃப் இருவரும் 2018-ல் வெளியிட்ட சோதனை பதில் சொல்கிறது. இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒரு வீட்டில் அறைகளை எப்படிப் பிரிப்பது, சாமான்களை எங்கே வைப்பது என்று பேசி முடிவெடுக்கச் சொன்னார்கள். நேரில் ஒரு முறை. உடலசைவை அப்படியே காட்டும் ஆனால் முகபாவம் எதுவும் காட்டாத அவதார்களோடு ஒரு முறை. உடலே தெரியாமல், குரலும் பொதுவான காட்சியும் மட்டுமே இருக்கும் மெய்நிகர் வெளியில் ஒரு முறை. உடலசைவு தெரிந்தபோது பேச்சின் போக்கு நேரில் பேசுவதற்கு மிக நெருக்கமாக இருந்தது. உடல் மறைந்தபோது தனிமையும் தடுமாற்றமும் வந்தன. முகம் முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. துக்கம் விசாரிக்கவோ, சம்பந்தம் பேசவோ முகம் வேண்டும். ஒரு குழு கூடி ஒரு விஷயத்தை அலசி முடிவுக்கு வருவதற்கு, யார் எங்கே திரும்பியிருக்கிறார், கை எதைச் சுட்டுகிறது என்பது முகத்தின் நுணுக்கத்தைவிட அதிகம் பயன்படுகிறது.

இவ்வளவு நன்மை இருந்தால் அந்தத் தளங்களில் பல ஏன் ஒவ்வொன்றாக மூடின என்பது அடுத்த கேள்வி. மூடியது உண்மை. ஃபேஸ்புக் (பின்னாளில் மெட்டா) 2017-ல் தொடங்கிய ஸ்பேஸஸ் 2019-ல் நின்றது. மைக்ரோசாஃப்ட் 2017-ல் வாங்கிய ஆல்ட்ஸ்பேஸ் வி.ஆர். 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மொசில்லா 2018-ல் தொடங்கிய ஹப்ஸ் சேவையை 2024 மே மாத இறுதியில் நிறுத்திக்கொண்டது. விலையும் எடையும் காரணங்களில் சேரும்: மெட்டாவின் குவெஸ்ட் 3 வெளிவந்தபோது 499 டாலர், எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல், ஆப்பிளின் விஷன் ப்ரோ 3,499 டாலர். அதைத் தாண்டி ஒரு பிழை இருந்தது என்பது என் எண்ணம். ஃபேஸ்புக் 2021 ஆகஸ்டில் ஹொரைசன் வொர்க்ரூம்ஸை அறிமுகப்படுத்தியபோது காட்டியது ஒரு மேசை, சுற்றி நாற்காலிகள், சுவரில் வெள்ளைப் பலகை. அலுவலகக் கூட்ட அறையை அப்படியே பெயர்த்து எடுத்து வந்திருந்தார்கள். அந்த அறையில் பேச்சு ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்தது போலவும், அதை நகலெடுத்தால் போதும் என்பது போலவும்.

அந்த அறையில் பேச்சு நன்றாக நடப்பதில்லை. இதைச் சொல்ல நாற்பது ஆண்டு ஆராய்ச்சி இருக்கிறது. கேரல்ட் ஸ்டாஸர், வில்லியம் டைட்டஸ் இருவரும் 1985-ல் காட்டியது இது: ஒரு குழுவில் ஒவ்வொருவருக்கும் மட்டும் தெரிந்த தகவல்கள் சில, எல்லோருக்கும் தெரிந்த தகவல்கள் சில என்று பிரித்துக் கொடுத்தால், குழு திரும்பத் திரும்ப எல்லோருக்கும் தெரிந்ததையே பேசுகிறது, ஒருவர் கையில் மட்டும் இருக்கும் முக்கியமான செய்தி பெரும்பாலும் மேசைக்கு வருவதில்லை. 1987-ல் மைக்கேல் டீல், வுல்ஃப்காங் ஸ்ட்ரோப இருவரும், புது யோசனைகளைத் தேடிக் கூடும் குழு, அதே எண்ணிக்கையிலான ஆட்கள் தனித்தனியாக யோசிப்பதைவிடக் குறைவாகவே யோசனைகளைத் தருகிறது என்றும், ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருந்து தன் எண்ணத்தைத் தொலைத்துவிடுவதே பெரிய காரணம் என்றும் நிறுவினார்கள். 2010-ல் அனிதா வுல்லியும் சகாக்களும் 699 பேரைச் சிறு குழுக்களாக்கிச் சோதித்தபோது, குழுவின் திறமை அதிலிருக்கும் மிகப் பெரிய அறிவாளியைப் பொறுத்து அமையவில்லை. பிறர் மனநிலையைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்த குழுக்களும், பேசும் முறை ஓரளவு சமமாகப் பகிரப்பட்ட குழுக்களும்தான் முன்னே நின்றன. ஒன்றிரண்டு பேர் பேச்சை ஆக்கிரமித்த குழுக்கள் பின்தங்கின. நேரில் கூடும் கூட்டமே இப்படி என்றால் அதை நகலெடுப்பதில் என்ன லாபம்? மெய்நிகர் வெளியின் உண்மையான வாய்ப்பு, மரமேசையும் சுவரும் செய்ய முடியாததைச் செய்வதில் இருக்கிறது.

என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு பழைய சோதனை வழி காட்டுகிறது. எம்.ஐ.டி.யில் ஜோன் டிமிக்கோவும் சகாக்களும் 2004-ல், நேரில் கூடிப் பேசும் சிறு குழுக்களின் முன்னால் ஒரு திரையை வைத்து, யார் எவ்வளவு பேசினார் என்பதைப் பட்டை வரைபடமாக உடனுக்குடன் காட்டினார்கள். அதிகம் பேசியவர்கள் தங்கள் பட்டை வளர்வதைப் பார்த்துத் தாங்களாகவே குறைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களைக் கண்டிக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் குறைவாகப் பேசியவர்கள் அதைப் பார்த்து அதிகம் பேசத் தொடங்கிவிடவில்லை. இந்த இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கணக்கைக் காட்டினால் அதிகம் பேசுபவர் அடங்குவார். அமைதியானவரைப் பேசவைக்க வேறு உதவி வேண்டும். மெய்நிகர் வட்டத்தில் அந்த உதவியை உறுத்தாமல் தர முடியும். பேச விரும்புபவர் கையை நெஞ்சுக்கு அருகில் உயர்த்தினாலே அவர் காலடியில் மெல்லிய வெளிச்சம் பரவட்டும். யார் முதலில் கேட்டார் என்பது வெளிச்சத்தின் அளவில் தெரியட்டும். அமைதியானவர் வரிசையில் இருக்கிறார் என்பதைப் பேசிக்கொண்டிருப்பவர் பார்த்துவிட்டால் பெரும்பாலும் தானே முடித்து அவர் பக்கம் திரும்புவார். காத்திருக்கும் நேரத்தில் எண்ணம் மறந்துபோகாமல் இருக்க, நாலு சொல்லைக் குரலால் சொல்லித் தன் முன்னால் ஒரு சீட்டாக மிதக்கவிடலாம். டீல், ஸ்ட்ரோப சொன்ன இழப்பு அங்கே குறையும். ஒருவர் கையில் மட்டும் இருக்கும் தகவலைப் பேச்சு தொடங்கும் முன்பே எல்லோரும் நடுவில் வைத்துவிட வேண்டும் என்று அமைத்தால், ஸ்டாஸர், டைட்டஸ் கண்ட குறையையும் ஓரளவு சரிசெய்யலாம். இவற்றில் எதற்கும் அதிசயமான கணினி வேண்டாம். பேச்சு எப்படி நடக்கிறது என்று தெரிந்த ஒருவர் வடிவமைப்பு மேசையில் உட்கார்ந்திருந்தால் போதும்.

சிறு குழுக்களாகப் பிரிவதிலும் இந்த வெளிக்குத் தனி வசதி உண்டு. ஜூமில் குழுக்களைப் பிரிப்பவர் கூட்டத்தை நடத்துபவர். சொடுக்கினால் நீங்கள் வேறு அறைக்குத் தூக்கிப் போடப்படுகிறீர்கள். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடக்கவேண்டிய ஐ.இ.இ.இ. அமைப்பின் மெய்நிகர்மை பற்றிய மாநாடு கொரோனாவால் முழுக்க இணையத்துக்கு மாறியபோது, ஒரு பகுதியை மொசில்லா ஹப்ஸ் அறைகளில் நடத்திப் பார்த்தார்கள். அது போன்ற அறையில் பேச்சாளரைவிட்டு நாலடி தள்ளி நடந்தால் அவர் குரல் மங்கும், பக்கத்தில் நிற்கும் இருவரின் குரல் தெளிவாகும். மாநாட்டுத் தாழ்வாரத்தில் டீ டம்ளரோடு நடக்கும் பேச்சு போல, கூட்டம் தானே பிரிந்து தானே சேரும். பின்னர் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களை எட்டு வாரம் மெய்நிகர் வெளியில் குழுக்களாகப் பேசவைத்து 2023-ல் வெளியிட்ட ஆய்வு, இடத்தின் அளவும் பேச்சை மாற்றுகிறது என்று கண்டது. நெருக்கமான அறைகளைவிட விசாலமான வெளிகளில் மாணவர்களின் அசைவுகள் ஒருவரோடொருவர் அதிகம் ஒத்துப்போயின. வாரங்கள் போகப்போகப் பழக்கமும் கூடியது. முதல் நாள் சோதனையை மட்டும் வைத்து இந்த ஊடகத்தை எடைபோடக் கூடாது.

அவதார் என்பதால் தமிழில் பேசுபவர்களுக்கு ஒரு சங்கடம் முதல் வாக்கியத்திலேயே வந்துவிடும். நீ, நீங்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் நம்மால் கேள்வி கேட்க முடியாது. அண்ணா, அக்கா, தம்பி, சார் என்று ஏதாவது ஒன்றைச் சேர்க்காமல் கூப்பிடுவதும் கஷ்டம். நரையும் சுருக்கமும் இல்லாத அவதாரைப் பார்த்து வயதை எப்படி மதிப்பிடுவது? எல்லோருக்கும் "நீங்க" என்று தொடங்குவதுதான் வழி. இந்தச் சங்கடத்தில் ஒரு நன்மையும் இருக்கிறது. நம் கூட்டங்களில் யார் முதலில் பேசுவது, யார் கடைசிவரை வாய் திறக்காமல் இருப்பது என்பதை வயதும் பதவியும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அவை கண்ணுக்குத் தெரியாதபோது இருபது வயதுப் பெண்ணின் கருத்து கருத்தாகவே கேட்கப்பட வாய்ப்புண்டு. ஆனால் தோற்றத்தை மாற்றுவது அணிந்திருப்பவரையும் மாற்றும். நிக் யீயும் பெய்லன்சனும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், உயரமான அவதார் கிடைத்தவர்கள் பணத்தைப் பங்கிடும் பேரத்தில் கூடுதல் கறாராக நடந்துகொண்டார்கள். உயரத்தைக் காசுக்கு விற்கும் தளத்தில் நடக்கும் கலந்துரையாடல் சமமாக இருக்காது.

உதவி எங்கே முடிந்து ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டும் சோதனை ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். மெய்நிகர் வெளியில் ஒருவர் இருவருக்கு ஒரு கட்டுரையை வாசித்துக் காட்டுகிறார். நேரில் என்றால் ஒரு நேரத்தில் ஒருவர் கண்ணைத்தான் பார்க்க முடியும். மென்பொருள் நடுவில் இருப்பதால், கேட்கும் இருவருக்குமே "என்னையே பார்த்துப் பேசுகிறார்" என்று தோன்றும்படி இரண்டு வேறு பார்வைகளை அனுப்ப முடிந்தது. பெய்லன்சன் குழு 2005-ல் இதன் முடிவை வெளியிட்டது: இப்படிப் பெருக்கப்பட்ட பார்வைக்கு ஆளான பெண்கள், வாசிக்கப்பட்ட கருத்தோடு அதிகம் ஒத்துப்போனார்கள். ஆசிரியர் ஒருவர் முப்பது மாணவர்களையும் தனித்தனியாகப் பார்க்க இது உதவும் என்று வாதிடலாம். அதே கருவி ஒரு விற்பனையாளர் கையிலும், ஓட்டுக் கேட்பவர் கையிலும் இருக்கும். கலந்துரையாடல் என்பது ஒருவர் மனத்தை இன்னொருவர் நேர்மையாக மாற்றும் இடம். அங்கே யாருக்கும் தெரியாமல் பார்வையை விற்பது குற்றம் என்றே கருதுகிறேன். பேச்சுக்குத் துணைசெய்யும் எந்த மாற்றமும் வட்டத்தில் உள்ள எல்லோருக்கும் ஒரேமாதிரித் தெரியவேண்டும். காலடி வெளிச்சம் இந்த விதியில் தேறும், பெருக்கிய பார்வை தேறாது.

பேசும் நேரத்தை அளக்கும் கணக்கும் இப்படித்தான். யார் எத்தனை நிமிடம் பேசினார் என்பது வட்டத்தில் இருப்பவர்கள் பார்த்துத் திருத்திக்கொள்ளும்வரை உதவி. மறுநாள் மேலாளரின் மேசைக்குப் போனால் அது உளவு. இதில் ஆபத்து நாம் நினைப்பதைவிட ஆழமானது. விவேக் நாயரும் பெர்க்லி பல்கலைக்கழகச் சகாக்களும் 2023-ல் பீட் சேபர் என்ற மெய்நிகர் விளையாட்டை ஆடிய 55,541 பேரின் அசைவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். தலையும் கைகளும் அசைந்த விதத்தை 100 நொடி பார்த்ததும் அது யார் என்பதை 94 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கண்டுபிடித்தது கணினி. பெயரை மறைத்தாலும் அசைவு காட்டிக்கொடுத்துவிடும். நம் பேச்சை இயல்பாக்குகிற அதே அசைவுத் தகவல்தான் நம் கைரேகையாகவும் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அது அழிக்கப்பட வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

மிச்சமிருக்கும் எதிர்ப்புகளில் பலவற்றை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். 16 பேர் ஒரு வேலை வாரம் முழுக்க, நாளுக்கு எட்டு மணி நேரம் ஹெட்செட்டில் வேலை செய்து பார்த்த ஆய்வு 2022-ல் வந்தது. வேலைப்பளு, எரிச்சல், கண்வலி எல்லாம் கூடின. இவர்களோடு தொடங்கிய வேறு இருவர் தலைவலி, குமட்டல் போன்ற தொல்லைகளால் முதல் நாளையே முடிக்கவில்லை. ஆகவே நாள் முழுவதும் இதற்குள் இருப்பது வேண்டாம். நாலு முதல் எட்டுப் பேர் முக்கால் மணி நேரம் கூடி ஒரு விஷயத்தை அலசுவதற்கு இது போதும். அறிவிப்பு கொடுக்க மின்னஞ்சல் இருக்கிறது. பெண்களுக்கு இந்த வெளிகளில் நேர்ந்த தொல்லைகளும் கற்பனையல்ல; 2022 பிப்ரவரியில் மெட்டா தன் தளங்களில் அவதார்களுக்கு இடையே சுமார் நாலடி இடைவெளியை விதியாக்க வேண்டி வந்தது. பாதுகாப்பு என்பது புகார் வந்த பிறகு ஒட்டும் பிளாஸ்திரியாக இல்லாமல் முதல் நாளே இருக்கவேண்டியது. ஹெட்செட் வாங்க முடியாதவர், மாட்ட முடியாதவர், காது கேளாதவர் எல்லோரும் வட்டத்துக்கு வெளியே நிற்கும்படி ஒரு தளம் இருந்தால் சமமான பேச்சு என்று அது சொல்லிக்கொள்ளக் கூடாது. செல்பேசியிலிருந்து வருபவருக்கும் வட்டத்தில் ஓர் இடமும், திரும்பிப் பார்க்க ஒரு தலையும், பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் வசதியும் வேண்டும்.

ஹப்ஸ் இதில் ஒரு பகுதியைச் செய்தது. ஹெட்செட் இல்லாதவரும் ஒரு சுட்டியைத் தட்டி உலாவியிலேயே உள்ளே வரலாம். மொசில்லா தன் சேவையை நிறுத்தினாலும் அதன் நிரல் திறந்த மூலமாகவே இருக்கிறது. யாரும் எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், மாற்றலாம். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் பொறியியல் மாணவர்களுக்கும் அவர்களை வழிநடத்தும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: இன்னொரு அழகான மெய்நிகர் வகுப்பறையைக் கட்டாதீர்கள். அந்த நிரலை எடுத்து, தமிழில் பேசும் ஆறு பேருக்கு, பேசக் காத்திருப்பவரின் காலடியில் விழும் அந்த ஒரு வெளிச்சத்தை மட்டும் செய்துபாருங்கள். பேசாமல் இருந்தவர் பேசினாரா என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கை வெளியிடுங்கள்.